கூடைப்பந்து விளையாட வரும் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும்? மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருஷத்துக்கு மேலாக மதுரையில் காலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். சிமெண்ட் தரை, இரண்டு போர்டு, ஓரத்தில் ஒரு வேப்பமரம். ஐந்தரை மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்கள், ஏழரைக்குக் கூட்டிப்போக வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சந்தேகம் கேட்பார்கள். ஸ்கூல் வேன் வந்துவிடும் என்ற அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைகளும் படிக்கலாம். சில கேள்விகள் அவர்கள் கேட்டவை.

சார், பையன் குள்ளமா இருக்கான். கூடைப்பந்துல எடுபடுவானா?

உயரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது பத்து அடி. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டை உருவாக்கியபோது, உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனி விளிம்பில் பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டினார். அந்த விளிம்பு பத்து அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் அதே பத்து அடிதான். அதனால் உயரமானவருக்கு இந்த விளையாட்டில் வசதி அதிகம். அதை மறைத்துப் பேசினால் பிள்ளைக்கு நல்லது செய்ததாக ஆகாது.

ஆனால் நீங்கள் கேட்பது பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி. அவன் பதினெட்டில் எவ்வளவு உயரம் இருப்பான் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அப்படியே வளராமல் போனாலும் கதவு மூடிவிடாது. மக்ஸி போக்ஸ் என்பவர் ஐந்தடி மூன்று அங்குலம். உலகத்திலேயே கடினமான லீக் என்று சொல்லப்படும் என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். பந்தை அவரிடமிருந்து யாராலும் சுலபமாகப் பறிக்க முடியவில்லை. எதிராளி பந்தைக் கொஞ்சம் அலட்சியமாகத் தட்டினால் அடுத்த நொடி அது இவர் கையில் இருக்கும்.

எனக்குக் குள்ளமான பிள்ளைகளைவிடச் சீக்கிரம் வளர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை அதிகம். பதின்மூன்று வயதில் திடீரென்று நெடுநெடுவென்று வளர்ந்த பையனை எல்லோரும் ரிங்குக்குக் கீழே நிறுத்திவிடுகிறார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நில், பந்து வரும், போடு. ஸ்கூல் டீம் ஜெயித்துக்கொண்டே இருக்கும். நாலு வருஷம் கழித்து மற்றவர்கள் அவன் தோளைத் தொட்டுவிடுவார்கள். அப்போது அவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் ட்ரிப்ளிங் தெரியாது, நெருக்கடியில் பாஸ் கொடுக்கத் தெரியாது, இடது கை வேலை செய்யாது. நல்ல பையன்கள் இப்படி வீணாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகள் பதினான்கு வயது வரைக்கும் எல்லா இடத்திலும் ஆட வேண்டும். நெட்டையானவனும் பந்தைக் கொண்டு வர வேண்டும், குட்டையானவனும் ரிங்குக்குக் கீழே முட்டி மோதி நிற்க வேண்டும்.

விளையாடினால் உயரம் கூடுமா?

கூடாது. உயரம் பெரும்பாலும் அப்பா அம்மா வழி வருவது. நல்ல சாப்பாடும் தூக்கமும் இருந்தால், வளர வேண்டிய அளவுக்குத் தடையில்லாமல் வளர்வார்கள். உயரத்துக்காக மட்டும் சேர்க்க வந்தால், தயவுசெய்து வேறு காரணம் ஒன்றையும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

அப்படியென்றால் ஒரு பிள்ளையிடம் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பந்தைப் பறிகொடுத்த பிறகு வரும் மூன்று விநாடியைப் பார்ப்பேன்.

பந்து கையை விட்டுப் போனதும் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஒருவன் இடுப்பில் கை வைப்பான். ஒருவன் பாஸ் கொடுத்தவனைப் பார்த்து முறைப்பான். ஒருத்தி ரெஃபரியைப் பார்த்துக் கையை விரிப்பாள். நாலைந்து வருஷம் முன்னால் ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் வந்தாள். சுமாராகத்தான் ஆடுவாள். முதல் வாரத்தில் ஒருநாள் அவள் தட்டிக்கொண்டு போன பந்து அவள் ஷூவிலேயே பட்டு எதிராளியிடம் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டதாகவே தெரியவில்லை. திரும்பினாள், பந்தைப் பார்க்காமல் நேராக நம் ரிங்கைப் பார்த்து ஓடினாள், வந்தவனுக்கும் ரிங்குக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினாள். அவன் ஷாட் எடுக்காமல் பந்தை வெளியே தட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. பாயிண்ட் எதுவும் இல்லை, கைதட்டலும் இல்லை. நான் நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டேன். இப்போது அவள் தன் ஸ்கூல் டீமுக்குக் கேப்டன்.

இது பிறவிக் குணமா, பழக்கமா என்று கேட்டால் பாதிப் பாதி. சில பிள்ளைகளிடம் வரும்போதே இருக்கிறது. மற்றவர்களுக்குப் பழக்கலாம். எங்கள் பிராக்டிஸில் ஒரு விதி உண்டு. தப்பு நடந்தால் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது, “அடுத்தது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓட வேண்டும். முதலில் கூச்சப்படுவார்கள். இரண்டு மாதத்தில் வாய் சொல்லாமலே கால் ஓட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் பார்ப்பேன். ஐப்பசி மழைக்குப் பிறகு கோர்ட்டில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். நாலு தென்னை விளக்குமாறு சுவரில் சாய்ந்திருக்கும். யாரும் சொல்லாமல் போய் அதை எடுத்துத் தண்ணீரைத் தள்ளுகிற பிள்ளை யார் என்று கவனிப்பேன். அந்தப் பிள்ளைதான் மேட்ச்சில் தரையில் உருளும் பந்துக்கு முதலில் விழுந்து எழுந்திருக்கும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது நன்றாக வருகிறது. அது போதாதா?

தெருவில் தனியாகத் தட்டுவது வேறு, ஆள் முன்னால் நிற்கும்போது தட்டுவது வேறு. கண் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பந்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு தட்டும் பிள்ளைக்குக் கோர்ட்டில் மற்ற ஒன்பது பேரும் தெரிய மாட்டார்கள். நான் எதிரில் நின்று விரலைக் காட்டுவேன். மூன்று, ஐந்து, இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருப்பேன். பிள்ளை தட்டிக்கொண்டே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பந்து அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

இடது கைக்கு என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் வீட்டில் சின்ன வயதிலிருந்தே எதற்கும் இடது கையை நீட்டாதே என்று வளர்க்கிறோம். அதனால் அந்தக் கை சும்மாவே இருந்து பழகியிருக்கும். சாப்பாட்டுக்கு வேண்டாம், பல் தேய்க்க, கதவு திறக்க, பையைத் தூக்க இடது கையைப் பழக்குங்கள். கோர்ட்டில் பாதி நேரம் இடது கையால் மட்டும் தட்டுங்கள்.

“கால் வேலை, கால் வேலை” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களே, அது என்ன?

ஓடுவது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நிற்கத்தான் தெரியாது. வேகமாக வந்து, இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் பட, முழங்கால் மடங்கி, தடுமாறாமல் நிற்க வேண்டும். அப்புறம் ஒரு காலை ஊன்றியபடி மற்றக் காலால் சுற்றித் திரும்ப வேண்டும். இதைத்தான் பிவட் என்கிறோம். ஊன்றிய கால் நகர்ந்துவிட்டால் டிராவலிங், பந்து எதிரணிக்குப் போய்விடும். பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டிகளில் பாருங்கள், பந்து கைமாறுவதில் பாதி இந்த டிராவலிங்கால்தான் இருக்கும்.

பச்சைக்குதிரை, நொண்டி, கபடி எல்லாம் ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வருகிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் அதற்கு முன் பந்தையே தொட்டதில்லை, கபடி மட்டும்தான் ஆடியிருக்கிறான். டிஃபென்ஸில் அவன் நின்ற விதத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினேன். இடுப்பு தாழ்ந்து, பாதம் விரிந்து, எதிராளியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணைப் பார்த்தால் ஏமாற்றுவார்கள், வயிறு ஏமாற்றாது என்று அவனுக்குக் கபடியிலேயே தெரிந்திருக்கிறது.

எந்த வயதில் சேர்க்கலாம்? எந்தப் பந்து வாங்குவது?

எட்டு, ஒன்பது வயதில் சேர்க்கலாம். பதின்மூன்றில் வந்தாலும் தாமதம் என்று சொல்ல மாட்டேன். பந்து விஷயத்தில் மட்டும் தப்பு செய்யாதீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே 5-ம் எண் பந்து, சுமார் 480 கிராம் இருக்கும். பெண்களுக்கு அதன் பிறகு 6-ம் எண். 7-ம் எண் பந்து 600 கிராம் அளவுக்கு வரும், அது பெரிய பையன்களுக்கானது. “வளர்ந்த பிறகும் ஆகும்” என்று முதலிலேயே பெரிய பந்தை வாங்கிக்கொடுத்தால், குழந்தை அதை மார்பிலிருந்து தள்ளியும் தோளுக்குப் பின்னாலிருந்து எறிந்தும் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருஷம் ஆகிறது. சின்னப் பிள்ளைகளுக்கான மினி கூடைப்பந்தில் ரிங்கே 2.60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். நம் ஊர் கிரவுண்டுகளில் அப்படி இறக்கிக்கொள்ளும் போர்டு அபூர்வம். ரிங் எட்டாத குழந்தையைச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு அதைப் பார்த்து எறியச் சொல்லலாம்.

ஷூட்டிங் நன்றாக வர என்ன குணம் வேண்டும்?

சலிக்காமல் இருக்கும் குணம். முழங்கை உள்ளே, மணிக்கட்டு மடங்கி முடிய வேண்டும், பந்து வளைந்து மேலே போய் இறங்க வேண்டும். சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். அதையே நாளைக்கும், நாளை மறுநாளும், மழை விட்ட பிறகும் செய்வதற்குத்தான் மனசு வேண்டும்.

எதிராளி ஃபவுல் செய்தால் நமக்குக் கிடைக்கும் ஷாட்தான் ஃப்ரீ த்ரோ. அதன் கோடு போர்டிலிருந்து 4.6 மீட்டர். யாரும் மறிக்க மாட்டார்கள், ஐந்து விநாடி அவகாசம். மற்ற ஷாட் எல்லாம் எதிராளியைப் பொறுத்தது, இது முழுக்க உங்களைப் பொறுத்தது. என்னிடம் வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்க வேண்டும். தேதி, போட்டது எத்தனை, விழுந்தது எத்தனை. இருபது போட்டால் இருபது என்று எழுத வேண்டும். விழாததை “அது கை வழுக்கிருச்சு சார்” என்று கணக்கில் விடும் பிள்ளை முன்னேறுவதில்லை. பதினொன்று என்று உண்மையாக எழுதிய பிள்ளை மூன்று மாதத்தில் பதினாலு எழுதுகிறது.

மேட்ச் என்றால் பதறுகிறான். பிராக்டிஸில் போடுவதெல்லாம் அங்கே விழுவதில்லை.

பதற்றம் எல்லோருக்கும் வரும். கூடைப்பந்தில் யோசிக்க நேரம் கிடையாது. பந்து கைக்கு வந்ததும் எட்டு விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். இந்த அவசரத்தில் மனசு பழக்கத்தைத்தான் தேடும். அதனால் பழக்கத்தை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ஃப்ரீ த்ரோவுக்கு முன் எப்போதும் மூன்று தட்டு, ஒரு மூச்சு, ஒரு பார்வை, அப்புறம் ஷாட். வீட்டு வாசலிலும் அதேதான், மாவட்ட ஃபைனலிலும் அதேதான்.

அடுத்து, பிராக்டிஸையும் கொஞ்சம் சங்கடமாக ஆக்க வேண்டும். பிள்ளைகள் ஓடிக் களைத்து நிற்கும்போதுதான் நான் ஃப்ரீ த்ரோ கேட்பேன். ஒருவர் போட, மற்றவர்கள் சுற்றி நின்று கத்தலாம். விழாவிட்டால் எல்லோரும் இன்னொரு ரவுண்டு ஓட வேண்டும். போடுகிற பிள்ளைக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கம் இங்கேயே பழகிவிடட்டும்.

இதில் இன்னொரு பாதி உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கோட்டுக்கு வெளியே நின்று “பாஸ் கொடுறா! அவனுக்குக் கொடுக்காத! நீயே போடு!” என்று கத்தாதீர்கள். கோச் ஒன்று சொல்லியிருப்பார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், பையன் நடுவில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறான். அந்த நொடியில் பந்து போய்விடுகிறது. கைதட்டுங்கள், எதிரணிப் பிள்ளை நன்றாகப் போட்டாலும் தட்டுங்கள்.

வண்டியில் வீட்டுக்குப் போகும்போது மேட்ச்சைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். தோற்ற பிள்ளைக்குத் தன் தப்பு தெரியும், பின்சீட்டில் உட்கார்ந்து அதையேதான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு அப்பா இருந்தார். மகள் ஜெயித்தாலும் தோற்றாலும் கீழமாசி வீதிப் பக்கம் வண்டியை விட்டு ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்தப் பெண் எட்டு வருஷம் என்னிடம் ஆடினாள். இடையில் விட்டுவிட்டுப் போன எத்தனையோ பிள்ளைகள் அவளைவிடத் திறமைசாலிகள்.

கோபக்காரப் பையன். விளையாட்டில் அது நல்லதுதானே?

ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே உட்கார வேண்டும். மேட்ச்சில் நாலு குவார்ட்டர், கோபக்காரப் பையன் மூன்றாவது குவார்ட்டரிலேயே உட்கார்ந்துவிடுவான். வேகம் வேண்டும், முரட்டுத்தனம் வேண்டாம். ரெஃபரி தப்பாக விசில் ஊதினால் கேப்டன் மட்டும் மரியாதையாகப் போய்க் கேட்கலாம், மற்றவர்கள் டிஃபென்ஸுக்கு ஓடிவிட வேண்டும்.

தினமும் எவ்வளவு நேரம் ஆட வேண்டும்? வெயில் காலத்தில் என்ன செய்வது?

பள்ளிப் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் போதும். ஒருநாளாவது முழு ஓய்வு வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் தொடங்க வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு மடக்குத் தண்ணீர். தலைசுற்றல், குமட்டல், திடீரென்று வியர்வை நிற்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிழலில் படுக்க வைத்து உடம்பை ஈரத்துணியால் குளிர்விக்க வேண்டும். தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். “தாங்கிக்கோடா” என்று சொல்லும் இடமில்லை அது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளையொட்டிப் பிள்ளைகள் பாதிப் பேர் வர மாட்டார்கள். அது நியாயமான விடுமுறை.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்துக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதுக்காவது படுக்க வேண்டும். போனை ஹாலில் வைத்துவிட்டு.

சாப்பாடு?

வீட்டுச் சாப்பாடு போதும். காலையில் வரும்போது ஒரு வாழைப்பழம். போனதும் இட்லி, முட்டை. சாயங்காலம் சுண்டல், வேர்க்கடலை. கம்மங்கூழோ கேப்பைக்கூழோ மோர் விட்டுக் குடித்தால் வெயிலுக்கு நல்லது. டப்பாவில் விற்கும் புரோட்டீன் மாவு இந்த வயதில் தேவையில்லை. ராத்திரி பரோட்டா வாரம் ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கால் பிசகினால் எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா?

வேண்டாம். இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது கணுக்கால்தான், அடுத்தவர் காலின் மேல் இறங்கும்போது மடங்கிவிடும். பிசகிய உடனே உருவினால் வீக்கம் அதிகமாகும். ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், அளவாக இறுக்கிய கட்டு, காலை உயரத் தூக்கி வைத்தல். ஊன்றவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், குதித்தால் கூடும். அதை எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவுக்குக் குதிப்பதைக் குறைக்க வேண்டும். வலியை மறைத்துக்கொண்டு ஆடுவதை நான் வீரம் என்று எண்ணுவதில்லை.

பெண் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்பலாமா? வயசுக்கு வந்துவிட்டாள்.

அனுப்புங்கள். தயவுசெய்து அனுப்புங்கள். இந்தக் கேள்வியோடு நின்றுபோன பெண்களின் பெயர்கள் என் பழைய நோட்டுகளில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எனக்கு வருத்தம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரும் ஒரு வீட்டிலிருந்து தினமும் கிளம்பிக் கிரவுண்டுக்கு வந்த பெண்தான்.

மாதவிடாய் நாட்களில் ஆடலாம், முடியவில்லை என்றால் உட்காரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கால் லெகிங்ஸோடு ஆட விரும்பினால் ஆடட்டும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு: அங்கே கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்ற இடம் உண்டா, வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட ஒரு பெண் ஆசிரியர் வருகிறாரா. இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சரியான பதில் வராத இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

செலக்ஷனில் எடுக்கவில்லை. அழுதுகொண்டே இருக்கிறாள். விட்டுவிடலாமா?

மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி டீமிலிருந்தே துரத்திவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. நடந்தது என்னவென்றால், பத்தாம் வகுப்பில் அவரைப் பெரிய அணியில் எடுக்காமல் ஜூனியர் அணியில் போட்டார்கள். அவரைவிட ரொம்ப உயரமான சக மாணவரைப் பெரிய அணிக்கு எடுத்தார்கள். ஜோர்டான் அந்த ஜூனியர் அணியில் ஒரு வருஷம் ஆடினார். ஆட ஒரு இடம் இருந்தது, அதை அவர் விடவில்லை. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது இதுதான்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு செலக்ஷன். நாற்பது பேர் வரிசையில் நின்றோம். பெயர் வாசித்து முடித்தார்கள், என் பெயர் வரவில்லை. என்ன குறை என்று யாரும் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. ஒரு வருஷம் பந்தைத் தொடவில்லை. அந்த ஒரு வருஷம் இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால் நான் யாரையும் எடுக்காவிட்டால் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறேன், இன்ன இன்ன குறை, இதற்கு இந்தப் பயிற்சி. உங்கள் கோச் சொல்லவில்லை என்றால் பிள்ளையையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். “சார், அடுத்த தடவை வர நான் எதைச் சரி பண்ணணும்?” இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையைக் கோச் மறக்க மாட்டார்.

ஒரு வாரம் அழட்டும். அப்புறம் பந்தை எடுத்து முற்றத்தில் வைத்துவிடுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம்.

படிப்பு கெடாதா? விளையாடி என்ன ஆகப்போகிறான்?

என்.பி.ஏ.வை நினைத்துக்கொண்டு அனுப்பாதீர்கள். பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015-ல் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர். அவருக்குக்கூட ஒரு என்.பி.ஏ. மேட்ச் ஆட வாய்ப்பு வரவில்லை. நம் ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியது 1980-ல் மாஸ்கோவில், அந்த ஒரே முறை.

ஆனால் வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு வேலைகளில் தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும், பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வங்கிகள், ராணுவம் இவற்றில் கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. சான்றிதழ்களைப் பத்திரமாக ஃபைலில் வையுங்கள், கடைசி நேரத்தில் தேடி அலைபவர்கள் நிறையப் பேர்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் முழுவதும் நிறுத்த வேண்டாம். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம் என்று குறைத்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு முன் ஒரு மாதம் விட்டால் போதும்.

மதுரையில் எங்கே தொடங்குவது?

முதலில் பள்ளியில் பி.டி. சாரைப் போய்ப் பாருங்கள். குடியரசு தின விழா விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும். பள்ளி வழியாகத்தான் அதில் நுழைய முடியும். ரேஸ்கோர்ஸில் இருக்கும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில்தான் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வு, முதலமைச்சர் கோப்பை, கோடைகாலப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அங்கே கேட்கலாம்.

இன்னொன்று செய்யுங்கள். மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி பல வருஷங்களாக நடந்து வருகிறது. இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பெரிய அணிகள் ஆடுவதை ஊரே சுற்றி உட்கார்ந்து பார்க்கும். பிள்ளையைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதல் பாதியில் பந்தைப் பார்க்கட்டும். இரண்டாம் பாதியில் பந்து இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் எப்போது ஓடுகிறார், யாரை மறிக்கிறார், எங்கே கை நீட்டுகிறார் என்று வீட்டுக்கு வந்து சொல்லட்டும்.

டீமில் இருக்கிறான், ஆனால் பெஞ்சில்தான் உட்கார வைக்கிறார்கள். இதில் என்ன பிரயோஜனம்?

பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

போன வருஷம் என்னிடம் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் இருந்தான். நாலு மேட்ச்சில் மொத்தமாக ஐந்து நிமிஷம்கூட ஆடியிருக்க மாட்டான். அவன் அம்மா இதே கேள்வியைக் கேட்டார், எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஐந்தாவது மேட்ச்சில் எதிரணியின் ஒன்பதாம் நம்பர் பையன் எங்களைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் தண்ணீர் பாட்டில்களை நீட்டிக்கொண்டே இவன் மெதுவாகச் சொன்னான்: “சார், ஒம்பதாம் நம்பர் வலது பக்கம் மட்டும்தான் போறான். இடது பக்கம் ஒரு தடவைகூடப் போகல. பதினோரு தடவை எண்ணிட்டேன்.”

மூன்றாவது குவார்ட்டரில் அவனையே இறக்கினேன். ஒன்பதாம் நம்பருக்கு வலது பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, காலை அகட்டி நின்றான். பந்து வந்தது. ஒன்பதாம் நம்பர் வலது பக்கம் பார்த்தான், வழி இல்லை. பந்தை இடது கைக்கு மாற்றினான், அது அவன் காலில் பட்டு வெளியே உருண்டது. எங்கள் பையன் கையை உயர்த்தவில்லை, யாரையும் பார்க்கவில்லை. “அடுத்தது” என்று சொல்லிவிட்டுப் பந்து வாங்க ஓடினான்.